ராணுவ பேஸ் கேம்ப்கிரவுண்டில் ஆர்.வி. போட்டுத் தங்க: முதலில் காகிதம், பிறகுதான் வண்டி

ஜூலை மாதம், பீனிக்ஸில் 110 டிகிரி வெயில். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, எங்கள் இரண்டு பிள்ளைகள், வாடகைக்கு எடுத்த, காரில் இழுத்துப் போகும் வீட்டு டிரெய்லர் என்று எல்லாரும் எல்லாமுமாகப் பக்கத்து மாநிலத்தில் ஒரு பேஸின் (ராணுவத் தளத்தின்) கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறே முக்கால். என் கணவர் விமானப்படையில் இருக்கிறார், அவருடைய ராணுவ ஐடி கார்டு செல்லும், என் கார்டு செல்லும். காவலர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அப்பா அம்மாவின் இந்திய பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முன் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார். எங்களிடம் இல்லை. அதைக் கொடுக்கும் அலுவலகம் நான்கு மணிக்கே மூடிவிட்டது. 30 டாலருக்குப் பதிவு செய்த இடம் உள்ளே காலியாகக் கிடக்க, வெளியே மோட்டலில் இரண்டு அறைக்கு 190 டாலர் கொடுத்துப் படுத்தோம். டிரெய்லரை நிறுத்த இடம் தேடியது தனிக் கதை.

அதற்குப் பிறகு நாலைந்து முறை போய்வந்துவிட்டோம், அப்பா அம்மாவோடும் சேர்த்து. அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களில் பலருக்கு, ஆர்.வி. எனும் வீட்டு வண்டியையோ டிரெய்லரையோ நிறுத்திக் குறைந்த செலவில் தங்க ராணுவமே கேம்ப்கிரவுண்ட் வைத்திருக்கிறது என்பதே தெரியவில்லை, தெரிந்தவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பணியில் இருப்பவர்கள், ரிசர்வ், நேஷனல் கார்ட், ஓய்வு பெற்றவர்கள், இவர்களுடைய ஐடி கார்டு வைத்திருக்கும் குடும்பத்தார், இத்தனை பேரும் தங்கலாம். பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் சிவிலியன்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள், அதை அந்தந்த கேம்ப்கிரவுண்டில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2020 ஜனவரி 1 முதல் இன்னும் சிலருக்கும் கதவு திறந்திருக்கிறது: போரில் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர்கள், போர்க் கைதியாக இருந்தவர்கள், பணியால் வந்த ஊனம் என்று வி.ஏ. (முன்னாள் வீரர் நலத் துறை) சான்று கொடுத்த முன்னாள் வீரர்கள் (அது 10 சதவீதமாக இருந்தாலும் சரி), அவர்களைப் பராமரிப்பவராக வி.ஏ. பதிவு செய்தவர்கள். நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த நம் பையன்கள் பலர், "நான்தான் வெளியே வந்துவிட்டேனே" என்று இதைக் கவனிக்காமலே விடுகிறார்கள். வி.ஏ. கொடுக்கும் மருத்துவ அடையாள அட்டை இருந்தால் போய்க் கேளுங்கள். முதல் முறை போகும்போது பார்வையாளர் அலுவலகத்தில் அந்த அட்டையைப் பதிவு செய்யச் சொல்வார்கள், அதற்கு அலுவலக நேரத்தில் போக வேண்டும்.

2. கார்டுகளின் தேதியைப் பாருங்கள்

பத்து வயது நிறைந்த பிள்ளைக்குத் தனி ஐடி கார்டு எடுக்கலாம். நீங்கள் கூடவே இருக்கும்போது பிள்ளையின் கார்டைப் பெரும்பாலும் கேட்பதில்லை, ஆனால் கடைக்கோ நீச்சல் குளத்துக்கோ தனியாகப் போனால் கேட்பார்கள். கார்டு எடுக்க டியர்ஸ் என்ற ராணுவக் குடும்பப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், டிடி 1172-2 படிவம் வேண்டும். வீட்டுக்காரர் டெப்ளாய்மெண்டுக்கு (வெளியிடப் பணிக்கு) போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள், இல்லையென்றால் பவர் ஆஃப் அட்டர்னி தேவைப்படும். கார்டு அலுவலகத்தில் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. கோடை இடமாற்றக் காலத்தில் இன்னும் இழுக்கும்.

இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டியவை: ஓட்டுநர் உரிமம், இழுக்கும் வண்டியின் பதிவுச் சான்று, டிரெய்லரின் பதிவுச் சான்று, இரண்டுக்கும் காப்பீட்டுச் சான்று, வாடகை வண்டி என்றால் அந்த ஒப்பந்தம், நாய் இருந்தால் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, முன்பதிவு உறுதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி. கேட்டுக்குப் பக்கத்தில் போன் சிக்னல் இல்லாமல் போனால் அந்த அச்சுப் பிரதி ஒன்றுதான் கைகொடுக்கும்.

3. கூட வரும் விருந்தினர்: இங்கேதான் பெரும்பாலும் மாட்டுவோம்

அமெரிக்கக் குடிமக்களான நண்பர்களைக் கூட்டிப் போவது எளிது. அவர்கள் உரிமம் ரியல் ஐடியாக, அதாவது மேல் மூலையில் நட்சத்திரம் உள்ளதாக இருக்க வேண்டும், அல்லது பாஸ்போர்ட் வேண்டும். 2025 மே 7 முதல் விமான நிலையங்களில் ரியல் ஐடி கட்டாயமானது எல்லாருக்கும் தெரியும், பேஸ் கேட்டிலும் அப்படித்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா, மாமனார் மாமியார் விஷயம் வேறு. அவர்கள் வெளிநாட்டுக் குடிமக்கள், அவர்களுக்கு என்று தனி நடைமுறை உண்டு, அது பேஸுக்கு பேஸ் மாறும். ஒரு இடத்தில் பாஸ்போர்ட் பிரதி அனுப்பினால் சில நாளில் முடிந்துவிடுகிறது, இன்னொரு இடத்தில் பல அடுக்கு ஒப்புதல் என்று வாரக்கணக்கில் ஆகிறது, சில இடங்களில் கிடைப்பதே இல்லை. ஆகவே நாங்கள் இப்போது செய்வது இது:

இடம் பதிவு செய்வதற்கும் முன்னால், அந்த பேஸின் பார்வையாளர் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து, "இந்தியக் குடிமக்களான என் பெற்றோர் இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை கேம்ப்கிரவுண்டில் எங்களோடு தங்க வேண்டும், நடைமுறை என்ன, எத்தனை நாள் ஆகும்" என்று கேட்கிறோம். "பெற்றோர் வருகிறார்கள்" என்று மட்டும் சொன்னால் அமெரிக்கக் குடிமக்கள் என்று நினைத்துக்கொண்டு "கேட்டில் லைசென்ஸ் காட்டினால் போதும்" என்பார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். "வெளிநாட்டுக் குடிமக்கள்" என்ற சொல்லை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

கேட்கும் காகிதங்கள் வழக்கமாக இவை: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), எந்த முகவரியில் தங்கியிருக்கிறார்கள், கார்டு வைத்திருப்பவருடன் என்ன உறவு. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும் அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும், விசாவில் வேறு மாதிரி அச்சாகியிருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று ஒருமுறை எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது. இப்போது "இரண்டு ஆவணத்திலும் இருப்பது ஒரே ஆள்" என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தே அனுப்புகிறோம். ஆறு வாரம் முன்னதாக அனுப்பினால் நிம்மதி. பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், வாய்ச் சொல் போதாது. அனுமதி கிடைத்தாலும் கார்டு வைத்திருப்பவர் இல்லாமல் அவர்கள் தனியாக வெளியே போய் உள்ளே வர முடியாது. காலை நடைக்குப் போனாலும் கேம்ப்கிரவுண்டுக்குள் மட்டும் என்று அப்பாவிடம் முன்பே சொல்லி வைத்தேன்.

இத்தனையும் முடியாது என்றால் ஒரு நல்ல மாற்று வழி இருக்கிறது, அடுத்ததில் சொல்கிறேன்.

4. இடம் தேடுவது

ஒவ்வொரு படையும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, தேடும்போது குழப்பம் வருவது அதனால்தான். விமானப்படையில் ஃபேம்கேம்ப். கடற்படையில் நேவி கெட்அவேஸ். தரைப்படையில் எம்.டபிள்யூ.ஆர். (நலன், பொழுதுபோக்குப் பிரிவு) இணையப் பக்கங்களில் டிராவல் கேம்ப் அல்லது ஆர்.வி. பார்க் என்று இருக்கும். மரைன் படைக்கு எம்.சி.சி.எஸ். என்ற சேவைப் பிரிவு. நீங்கள் விமானப்படைக் குடும்பம் என்றால் கடற்படை இடத்தில் தங்கக் கூடாது என்று எதுவும் இல்லை, எந்தப் படையின் இடமும் எல்லாருக்கும் பொதுதான்.

இவற்றில் இரண்டு வகை. ஒன்று பேஸுக்கு உள்ளேயே இருப்பது: கொலராடோ ஸ்பிரிங்ஸில் விமானப்படை அகாடமிக்குள் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் பெரக்ரின் பைன்ஸ், லாஸ் வேகாஸில் நெல்லிஸ் பேஸின் டெசர்ட் ஈகிள், டூசானில் டேவிஸ்-மொன்தான் பேஸின் அகேவ் கல்ச், கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டனின் சான் ஓனோஃப்ரே கடற்கரை போல. இரண்டாவது, பேஸைவிட்டுத் தள்ளித் தனியாக இருக்கும் பொழுதுபோக்கு இடங்கள்: அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்து ஃபோர்ட் டட்ஹில், வட கரோலினாவில் கூரே கடற்கரையை ஒட்டிய ஃபோர்ட் ஃபிஷர், அலாஸ்காவில் சீவர்ட் மிலிட்டரி ரிசார்ட். இவற்றுக்குப் பதிவு செய்யவும் தகுதி வேண்டும், செக்-இன்னில் கார்டு பார்ப்பார்கள், ஆனால் துப்பாக்கியோடு காவலர் நிற்கும் பேஸ் கேட்டைத் தாண்டிப் போக வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு போகிறவர்களுக்கு இதுதான் நான் சொன்ன மாற்று வழி. இங்கும் ஒருமுறை போன் செய்து விருந்தினர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பிடித்தது ஃபோர்ட் டட்ஹில். லூக் விமானப்படைத் தளத்தினர் நடத்துகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம், பீனிக்ஸ் கொதிக்கும்போது இங்கே இரவில் போர்வை வேண்டும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 80 மைல்தான். முதல் நாள் அம்மாவுக்கு லேசாக மூச்சு வாங்கியது, உயரம் பழகாதவர்களுக்கு அப்படி இருக்கும், அன்று அலையாமல் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்க வையுங்கள்.

5. எப்போது பதிவு செய்வது

பல இடங்களில் பணியில் இருப்பவர்களுக்கு முதலில் பதிவைத் திறப்பார்கள், அதற்குச் சில வாரம் அல்லது சில மாதம் கழித்து ஓய்வு பெற்றவர்களுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு. இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். உங்கள் வகைக்கு எந்தத் தேதி திறக்கிறது என்று கேட்டு, அன்று காலை எட்டு மணிக்கு அலாரம் வையுங்கள். சில இடங்களில் முன்பதிவே கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலில்.

புளோரிடா, தெற்கு அரிசோனா, தெற்கு டெக்சாஸ் போன்ற வெப்ப ஊர்களில் நவம்பர் முதல் மார்ச் வரை ஓய்வு பெற்றவர்கள் மாதக்கணக்கில் வந்து தங்கிவிடுவார்கள். கீ வெஸ்டில் கடற்படையின் சிக்ஸ்பி கேம்ப்கிரவுண்டில் குளிர்காலத்தில் மின்சாரமோ கழிவுநீர் இணைப்போ இல்லாத வெறும் இடத்தில் காத்திருந்து, முறை வரும்போதுதான் இணைப்புள்ள இடத்துக்கு மாறும் வழக்கம் இருந்தது. கடற்கரை இடங்களில் கோடை வாரக்கடைசிகள் பறந்துவிடும். ஞாயிறு போய் வியாழன் திரும்புவதாகத் திட்டமிட்டால் பல இடங்களில் கிடைத்துவிடுகிறது.

லீவு ஒப்புதல் வருவதற்கு முன் பணம் கட்டாதீர்கள், கட்டுவதாக இருந்தால் ரத்து விதியை முதலில் படியுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பல இடங்களில் முதல் இரவுக் கட்டணம் போய்விடும். அவசரப் பணி உத்தரவு வந்து ரத்து செய்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், எங்களுக்கு ஒருமுறை முழுப் பணமும் திரும்பி வந்தது.

6. வண்டி வாங்காதீர்கள், முதலில் பேஸிலேயே வாடகைக்கு எடுங்கள்

உங்கள் பேஸில் அவுட்டோர் ரெக்ரியேஷன் என்று ஒரு அலுவலகம் இருக்கும். டிரெய்லர், கூடாரம், நாற்காலி, ஐஸ் பெட்டி, படகுகூட வாடகைக்குக் கிடைக்கும். வெளிக் கம்பெனிகளில் எங்களிடம் நாளுக்கு 160 டாலர் கேட்ட அளவுள்ள, அடுக்குப் படுக்கையோடு ஆறு பேர் படுக்கும் டிரெய்லரை பேஸில் நாளுக்கு 75 டாலருக்கு எடுத்தோம். பல இடங்களில் இழுத்து ஓட்டுவது பற்றி ஒரு சிறு பயிற்சி முடித்தால்தான் தருவார்கள். ஒரு மணி நேரம்தான், மனைவி கணவன் இரண்டு பேருமே முடித்துவிடுங்கள்.

எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை. உங்கள் வண்டி எத்தனை பவுண்டு இழுக்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், டிரெய்லரின் வெறும் எடையோடு ஒப்பிடாதீர்கள், தண்ணீர், துணி, பாத்திரம் எல்லாம் ஏற்றிய எடையோடு ஒப்பிடுங்கள். டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் உருண்டை இரண்டு அங்குலமா, இரண்டே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான 2 5/16 அளவா என்று கேளுங்கள், தவறான உருண்டையில் மாட்டினால் ஓடும்போது கழன்றுவிடும். ஏழு முனை மின் இணைப்பும், டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கண்ட்ரோலரும் உங்கள் வண்டியில் இருக்க வேண்டும். எடுக்கும்போது நாலு பக்கமும் கூரையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

7. உண்மையில் எவ்வளவு ஆயிற்று

பேஸ் இடங்களில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் சேர்ந்த முழு இணைப்புக்கு நாங்கள் பார்த்தவரை இரவுக்கு 25 முதல் 45 டாலர். அதே ஊரில் தனியார் இடங்கள் 60, 80, கடற்கரை என்றால் 100 டாலரையும் தாண்டும். ஃபிளாக்ஸ்டாஃபில் ஆறு பேர் நான்கு இரவு தங்கியதில் இடத்துக்கு 120, டிரெய்லருக்கு ஐந்து நாள் 375, பெட்ரோல் 140, சிலிண்டர் நிரப்ப 20, மளிகை 110, ஆக 765 டாலர். அதே நான்கு இரவுக்கு ஹோட்டலில் இரண்டு அறை தேடியபோது சாப்பாடு இல்லாமலே 1,400 டாலருக்கு மேல் காட்டியது.

மளிகையைக் கிளம்பும் முன் பேஸின் மளிகைக் கடையான கமிசரியில் வாங்குங்கள், விற்பனை வரி இல்லை, 5 சதவீத சர்சார்ஜ் மட்டும். தேசியப் பூங்காக்களுக்கு ராணுவக் குடும்ப வருடாந்தர பாஸ் இலவசம். கிராண்ட் கேன்யனில் ஒரு காருக்கு 35 டாலர் மிச்சம், மறக்காமல் எடுங்கள். இழுக்கும்போது பெட்ரோல் கேலனுக்கு 10 மைல்கூடக் கிடைக்காமல் போகலாம், அதைக் கணக்கில் வைக்காமல் போனால் திரும்பும்போது கை கடிக்கும்.

8. கேட்டுக்குப் போகும் நேரம்

கூகுள் வரைபடம் பேஸின் பெயருக்கு ஏதாவது ஒரு கேட்டைக் காட்டும், அது மூடிய கேட்டாக இருக்கலாம், பெரிய வண்டி திரும்ப முடியாத கேட்டாகவும் இருக்கலாம். கேம்ப்கிரவுண்டுக்கே போன் செய்து "டிரெய்லரோடு எந்த கேட்டில் வரவேண்டும், எத்தனை மணி வரை திறந்திருக்கும்" என்று கேளுங்கள். விருந்தினர் இருந்தால் பார்வையாளர் அலுவலகம் மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள், வெள்ளிக்கிழமை என்றால் மதியத்துக்குள்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்த பேஸின் விதியை முன்பே கேட்காமல் வண்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி என்றாலும் பேஸுக்குள் அது மத்தியச் சட்டப்படி குற்றம், கூட வரும் நண்பர்களிடம் சொல்லி வையுங்கள். டிரோன் வேண்டாம்.

9. உள்ளே போன பிறகு

முதலில் மின்சாரம். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி சுமார் 1,500 இழுக்கும், இண்டக்ஷன் அடுப்பு 1,800, அதற்கு மேல் யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். நாங்கள் இட்லியும் குக்கரும் கேஸ் அடுப்பில் வைக்கிறோம், இண்டக்ஷனில் சாதம் வைக்கும்போது ஏசியை இருபது நிமிடம் நிறுத்துகிறோம். தாளிப்பை வெளியே சிறிய அடுப்பில் செய்யுங்கள், சிறிய டிரெய்லரில் புகை உணர்கருவி உடனே கத்தும், வாடகை வண்டியில் மசாலா வாசனைக்குச் சுத்தம் செய்யும் கட்டணமும் போடலாம். செருகும் முன் பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போடுங்கள். சர்ஜ் புரொடெக்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள்.

தண்ணீருக்கு, குடிநீருக்கான வெள்ளைக் குழாயும் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும் வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்தே விட்டால் நீர் மட்டும் ஓடித் திடக்கழிவு தொட்டியிலேயே இறுகிவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும் பாடு. முக்கால் நிரம்பியதும் அதை முதலில் திறந்து, பிறகு குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும். கையுறை கட்டாயம்.

மாலையில் ஒலிபெருக்கியில் இசை வரும், பெரும்பாலும் ஐந்து மணி வாக்கில், கடற்படை இடங்களில் காலை எட்டுக்கும் சூரியன் மறையும்போதும். அப்போது நடந்துகொண்டிருந்தால் நின்று கொடியின் பக்கம் திரும்புங்கள், ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் அப்பா கையில் காபி டம்ளரோடு அப்படியே அசையாமல் நின்றார், பக்கத்து வண்டியிலிருந்த முதிய வீரர் பாட்டு முடிந்ததும் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்காதீர்கள், வேக எல்லை 15, 20 என்று இருக்கும், அதைச் சரியாகப் பார்ப்பார்கள். ஓடுபாதை, விமானங்கள், கேட் ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. நாங்கள் போன இடங்களில் எல்லாம் இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது.

10. கிளம்பும் நாள்

செக்-அவுட் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குங்கள். கழிவு இறக்கும் இடத்தில் ஞாயிறு காலை வரிசை நீளும். தொட்டிகளைக் காலி செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் வாடகை அலுவலகம் 50, 100 என்று பிடித்துக்கொள்ளும். ஆண்டெனா இறக்கியாயிற்றா, படி மடித்தாயிற்றா, கேஸ் மூடியாயிற்றா, மின் கம்பி கழற்றியாயிற்றா, சங்கிலி குறுக்காக மாட்டியாயிற்றா, விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, தூங்கும் குழந்தையாக இருந்தாலும் காருக்குத்தான்.

திரும்பும் வழியில் கேம்ப்கிரவுண்ட் அலுவலகத்தில் நின்று, அடுத்த வருடம் அதே வாரத்துக்கு உங்கள் வகைக்குப் பதிவு திறக்கும் தேதியைக் கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் அனுமதி விண்ணப்பத்துக்கும் ஆறு வாரம் முன்னதாக ஒரு தேதியைக் கூடவே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் வரும்போதும் ஐ-94 புதிதாகப் பதிவாகும், போன வருடப் பிரதியை அனுப்பினால் திருப்பிவிடுவார்கள்.